கோத்தகிரி ஏற்றத்தில் ஒரு டவுன்பைப்: நிகழ்வு ஆய்வு

டர்போ காரோடு பட்டறைக்கு வந்த தம்பியின் புகார் ஒரே வரிதான். "கொண்டை ஊசி வளைவு திரும்பி ஆக்ஸிலேட்டர மிதிச்சா வண்டி யோசிக்குதுங்ணா."

அதற்கு வைத்தியமும் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. சமவெளியில் ஒரு கடையில், டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் கம்பெனி டவுன்பைப்பைக் கழற்றிவிட்டு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே (சுருக்கமாகக் கேட்) இல்லாத மூன்று அங்குலக் குழாய் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதன் பிறகும் வண்டி யோசிப்பது நிற்கவில்லை. கூடுதலாகச் செக் எஞ்சின் லைட் வந்தது, காருக்குள் பெட்ரோல் வாடை வந்தது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தமும் வந்தது. புகைச் சான்று எடுக்கப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கழற்றிய பழைய குழாய் டிக்கியில் கிடந்தது. அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் இந்த ஆய்வுக்கே வழி செய்தது.

வண்டி 1.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல், பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி). எந்த கம்பெனி வண்டி என்று எழுத வேண்டாமென்று தம்பி கேட்டுக்கொண்டார். நீலகிரியில் அந்த நிறத்தில் அது ஒன்றுதான் ஓடுகிறது, பார்த்தவுடன் ஊருக்கே தெரிந்துவிடும். தேயிலை ஃபேக்டரி வேலையாகக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு அடிக்கடி போய்வரும் வண்டி. ஆக, ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்துக்கும் 1,800 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்குவதே அதன் பிழைப்பு. இந்த விவரத்தை மறந்துவிட்டால் இந்தக் கேஸில் எதுவும் விளங்காது.

மலையில் டர்போ படும் பாடு

டர்போ என்பது புகையின் வலுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. அதன் டர்பைனை, அதாவது புகை தள்ளும் சக்கரத்தை, சுழற்றிவிட்டு வெளியே வரும் சூடான புகையை முதலில் வாங்கும் குழாய்தான் டவுன்பைப். பெரும்பாலான பெட்ரோல் டர்போ வண்டிகளில் முதல் கேட்டும் அதற்குள்ளேயே இருக்கும். டர்பைன் சுழல்வது அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இருக்கும் வித்தியாசத்தால். பின்பக்கம் அடைப்பு குறைந்தால் டர்பைன் எளிதாகச் சுழலும். இவ்வளவும் சரி. பெரிய குழாய் விற்பவர்கள் சொல்வதும் இதைத்தான்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. முதலாவது, குழாய் தரும் தடை புகையின் ஓட்டத்தோடு நேராக ஏறுவதில்லை, ஏறக்குறைய அதன் வர்க்கமாக ஏறுகிறது. ஓட்டம் பாதியானால் தடை கால்வாசிதான் இருக்கும். 5,500 ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) போகும் புகையோடு ஒப்பிட்டால், வளைவு திரும்பி இரண்டாம் கியரில் 1,700 ஆர்பிஎம்மில் மிதிக்கும்போது போகும் புகை மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அப்போது கம்பெனி கேட் கொடுக்கும் தடை பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். அந்த ஒரு பங்கை எடுத்துவிட்டால் வளைவில் வண்டி பாய்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது, உயரம். மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் சுமார் 0.97 பார். கோத்தகிரியில் 0.81 அல்லது 0.82. ஊட்டியில், 2,240 மீட்டரில், 0.77தான். எஞ்சினுக்குள் 1.8 பார் முழு அழுத்தம் வேண்டுமென்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கேட்டால், மேட்டுப்பாளையத்தில் டர்போ காற்றை 1.85 மடங்கு அழுத்தினால் போதும். கோத்தகிரியில் 2.2 மடங்கு வேண்டும். ஊட்டியில் 2.33. எஞ்சினுக்குக் கிடைப்பது அதே காற்று. டர்போவுக்கோ வேலை எங்கேயோ போய்விடுகிறது.

"மேல குளிரு, அதனால டர்போவுக்கு நல்லதுதான" என்று நம்மூரில் சொல்லாத ஆள் இல்லை. பாதிதான் உண்மை. டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் எழுபது சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று சுமார் 120 டிகிரியில் வெளியே வரும். ஊட்டியில் 15 டிகிரியில் போகும் காற்று, 2.33 மடங்கு அழுத்தப்பட்டதால், 128 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். கீழே இருந்ததைவிட இருபது டிகிரி குளிராக உள்ளே போனது, எட்டு டிகிரி கூடுதல் சூடாக வெளியே வருகிறது. அதைத் தணிக்க வேண்டிய இன்டர்கூலருக்கும் கிடைப்பது மெலிந்த காற்றுதான்.

வளைவில் நடப்பது இன்னும் எளிது. பூஸ்ட் எழும்பும் வரை டர்போ எஞ்சினும் சாதா எஞ்சின்தான். கோத்தகிரியில் அது இழுக்கும் காற்று கீழே இருப்பதைவிடக் குறைவு. காற்று குறைந்தால் புகை குறைவு, புகை குறைந்தால் டர்பைனை எழுப்பும் வலு குறைவு. எனவே எந்தக் கோளாறும் இல்லாத டர்போ வண்டிகூட மலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் விழிக்கும். ஆனால் இந்த வண்டியின் தாமதம் "கொஞ்சம்" இல்லை. அதே ரகத்தில் எத்தனையோ வண்டிகள் இந்த ரோட்டில் தினமும் ஏறுகின்றன. இது மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது என்பதே கேள்வி.

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது

புதுக் குழாயை முதலில் பார்த்தோம். டர்போவோடு அது சேரும் இடத்தில் ஒரு வளையக் கிளாம்ப். அதன் கீழ்விளிம்பிலிருந்து ஹவுஸிங் மேல் கரிக்கோடு ஒன்று விசிறியாகப் படிந்திருந்தது. விரல் வைத்தால் மை போல ஒட்டியது. டிக் டிக் சத்தத்துக்குக் காரணம் அதுதான். குழாயை மாட்டியவர்கள் பின்பக்க ஃப்ளாஞ்சை முதலில் முறுக்கிவிட்டு, பிறகு முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துக் கிளாம்பைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு முகமும் நேராக உட்காரவில்லை. எல்லா இணைப்பையும் தளர்த்திவிட்டு, ஹேங்கர் ரப்பரில் தொங்கவிட்டு, டர்போ பக்கமிருந்து பின்னோக்கி முறுக்கிக்கொண்டு வர வேண்டும். இது கடையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம்.

இந்தக் கசிவு சத்தத்தோடு நிற்காது. இந்த வண்டியில் புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் முன் ஓ2 சென்சார் கிளாம்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. புகை விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் வரும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் அந்த இடுக்கு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் போதவில்லை" என்று ஈசியூவுக்குச் சொல்லும். ஈசியூவும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃப்யூல் ட்ரிம், ஸ்கேனரில் ஐடிலில் ப்ளஸ்ஸில் எகிறி நின்றது. ஆக்ஸிலேட்டரை ஏற்றினால் சரிந்து சாதாரணமானது. அந்த நடத்தையே கசிவைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பெட்ரோல் வாடைக்குப் பாதிக் காரணம் இது. மீதிக் காரணம், வாடையைச் சுட்டெரிக்க வேண்டிய கேட் டிக்கியில் கிடந்ததுதான்.

கேட்டைக் கண்காணிக்கும் பின் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டு ஏமாற்றப் பார்த்திருந்தார்கள். ஈசியூ ஏமாறவில்லை, கேட் சரியாக வேலை செய்யவில்லை என்ற பி0420 கோடு விழுந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் வெல்டிங்கின் உள்முகம் பொரிந்து கரடுமுரடாக இருந்தது. பற்றவைக்கும்போது குழாய்க்குள்ளும் ஆர்கான் விட்டிருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படிக் கருகாது. வெளிப்பக்கம் மட்டும் வானவில் நிறத்தில் பளபளவென்று இருந்தது, படம் எடுத்துப் போட வசதியாக. வெப்பத் தகடும் திரும்ப மாட்டப்படவில்லை. குழாய்க்கு அருகில் இருந்த டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் விறைத்து, மடிப்புகளில் நுண்ணிய வெடிப்பு விட்டிருந்தது. மலை ஏற்றத்தில் எஞ்சின் முழு வேலை செய்யும், வண்டியோ இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊரும். அடியில் காற்றோட்டம் கிடையாது. நெடுஞ்சாலையில் வெப்பத் தகடு இல்லாமல் தப்பித்துவிடலாம், இங்கே முடியாது.

பழைய குழாயைத் திரும்ப மாட்டினோம்

தம்பிக்கு இதில் விருப்பமில்லை. "காசு குடுத்துப் போட்டதக் கழட்டச் சொல்றீங்களேண்ணா."

"பைப்பு மேல குத்தம் சொல்லல தம்பி. வலி காலுல இருக்கு, கட்டு கையில போட்டிருக்காங்க. முதல்ல காலப் பாக்கலாம்."

கம்பெனிக் குழாயை மாட்டியதும், முன் ஓ2 சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தோம். கேட் அடைத்திருந்தால் ஐடிலிலேயே முள் எழும்பும். 2,500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்பது பட்டறைக் கணக்கு. முள் அதைத் தொடவே இல்லை. கேட் நன்றாக இருந்தது. அதாவது, கழற்றி எறிவதற்கு அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

சென்சாரைத் திரும்பப் பூட்டி, அடுத்து லாக், அதாவது ஓடும்போது ஈசியூ காட்டும் எண்களின் பதிவு. மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை, கோத்தகிரிக்கு ஏறியபின் அதே மூன்றாம் கியரில் ஒருமுறை. ஈசியூ கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, வேஸ்ட்கேட்டை (டர்பைனைத் தொடாமல் புகையை விலக்கிவிடும் கதவு) எவ்வளவு மூடி வைத்திருக்கிறது என்ற மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால் போதும். கீழே கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போயின. ஆனால் வேஸ்ட்கேட் வழக்கத்தைவிட அதிகம் மூடியிருந்தது. மேலே வேஸ்ட்கேட் முழுக்க மூடி முட்டிக்கொண்டு நின்றது, அப்படியும் கேட்ட பூஸ்ட் வரவில்லை.

இதற்குப் பொருள், டர்போ உண்டாக்கும் காற்று எங்கோ போகிறது. கீழே டர்போவிடம் மிச்ச பலம் இருப்பதால், ஒழுகுவதையும் சேர்த்து உண்டாக்கி ஈடுகட்டிவிடுகிறது. மேலே அந்த மிச்ச பலம் உயரத்துக்கே செலவாகிவிடுகிறது. அங்கே ஒழுகல் அப்பட்டமாகத் தெரிகிறது. சமவெளிக் கடையில் இதைப் பிடிக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் ரோட்டில் அந்த வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கும். டெஸ்ட் எடுக்காமலே குழாயை விற்றதற்குத்தான் குறை சொல்ல வேண்டும்.

இந்த ஒழுகலுக்காக லைட் ஏன் எரியவில்லை என்றும் கேட்கலாம். இந்த வண்டியில் ஏர்ஃப்ளோ மீட்டர் கிடையாது. எஞ்சினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்தே காற்றைக் கணக்கிடுகிறது. அதற்கு முன்னால் காற்று ஒழுகினாலும் பெட்ரோல் கலவை கெடாது. பூஸ்ட் போதவில்லை என்ற பி0299 கோடு விழ வேண்டுமானால், குறை கணிசமாகவும் சில நொடிகள் தொடர்ந்தும் இருக்க வேண்டும். வளைவுக்கு வளைவு காலை எடுத்து மிதிக்கும் மலை ரோட்டில் அந்தச் சில நொடிகள் வாய்ப்பதே இல்லை.

ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயை மூடி, பட்டறையின் ஏர் கம்ப்ரஸரிலிருந்து மெதுவாக ஒரு பார் அளவுக்குக் காற்று ஏற்றினோம். 0.3, 0.4 வரை சத்தமே இல்லை. 0.6 தாண்டியதும் கீழே எங்கிருந்தோ மெல்லிய சீறல். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்புறம், கிளாம்புக்கு ஒரு விரல் தள்ளி, எண்ணெய்ப் பிசுக்கின் மேல் செம்மண் தூசி படிந்து ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. துடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் அடித்தால் நுரை அங்கேயே பொங்கியது. காற்றை இறக்கிவிட்டு ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பிளவும் தெரியவில்லை. இரண்டு கையாலும் வளைத்துத் திருகினால்தான் வாய் திறந்தது, சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். பூஸ்ட் வரும்போது திறக்கும், போனால் மூடிக்கொள்ளும். கண்ணால் மட்டும் பார்த்துப் பிடிக்கிற கோளாறு இல்லை இது.

புது ஹோஸ், புதுக் கிளாம்ப் போட்டோம். விலை, அந்த மூன்று அங்குலக் குழாய்க்குக் கொடுத்ததில் சிறு துண்டு. மறுபடி கோத்தகிரி ஏற்றத்தில் லாக் எடுத்தால், கேட்ட பூஸ்ட்டைக் கிடைத்த பூஸ்ட் தொட்டது, வேஸ்ட்கேட் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நின்றது. வளைவு திரும்பி இரண்டாம் கியரில் மிதித்தால் 1,800 தாண்டும்போதே இழுவை வந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிய தம்பி, "இதுக்குத்தானாண்ணா அவ்வளவு செலவு பண்ணேன்" என்றார். பதில் சொல்லவில்லை.

கேட் இல்லாமல் ஓட்டுவது பற்றி

இதை நீட்டாமல் விட முடியாது. மூன்று அங்குலக் குழாயோடு புகைச் சான்று கிடைக்காததில் ஆச்சரியமில்லை. பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம் வாக்கில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள். கேட்டை எடுத்துவிட்டு இந்தக் கோட்டுக்குள் நிற்பது நடக்காத காரியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 190ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், லைசென்ஸும் முடங்கலாம்.

ஆனால் மலையில் எனக்குப் பெரிய கவலை அபராதம் இல்லை, ஷெட். இங்கே பல வீடுகளில் கார் நிற்பது வீட்டை ஒட்டிய மூடிய ஷெட்டில். விடிகாலைக் குளிரில் கதவைத் திறக்காமலே ஸ்டார்ட் செய்து சூடேற விடும் பழக்கம் உண்டு. கம்பெனி கேட்கூட 250, 300 டிகிரி ஏறிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதுவரை அது இருந்தும் இல்லாதது போலத்தான். கேட்டே இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் ஓடினாலும் கார்பன் மோனாக்சைடைச் சுட்டெரிக்க எதுவும் இல்லை. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தம்பியின் வீட்டு ஷெட்டுக்கு மேல்தான் அவருடைய அம்மாவின் அறை. இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

சத்தமும் ஒரு விஷயம். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் காட்டுமாடு நிற்காத நாள் கோத்தகிரியில் குறைவு. வளைவில் காலை எடுக்கும்போது பட்பட்டென்று வெடிக்கும் சைலன்சர் கேட்டு அது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறமும் ஒரு டவுன்பைப்

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் தம்பிக்கு ஆசை விடவில்லை. கேட் உள்ள குழாய் போட்டால் என்ன என்றார். 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) உலோகக் கேட் கொண்ட, கம்பெனி அளவுக்கு அடுத்த விட்டமுள்ள குழாயை வரவழைத்தார். வேண்டாமென்றுதான் சொன்னேன். அதையும் மீறிக் கேட்டதால், வெப்பத் தகட்டோடும் டிரைவ் ஷாஃப்ட்டுக்குப் புது ரப்பர் பூட்டோடும் முறையாக மாட்டி, அதே ரோட்டில் அதே லாக் எடுத்துப் பார்த்தோம். இந்த ஒப்பீடு எனக்கும் தேவைப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே இரண்டு லாக்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எது எந்தக் குழாய் என்று சொல்ல முடியவில்லை. 3,500 தாண்டிய பிறகுதான் பிரிகின்றன. அதே பூஸ்ட்டுக்கு வேஸ்ட்கேட் பத்துச் சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடுதலாகத் திறந்து நிற்கிறது; டர்போ கஷ்டப்படாமல் அதே வேலையைச் செய்கிறது. அதில் ஒரு நியாயமும் உண்டு. மலையில் காற்றழுத்தம் குறைவதால், ஒரே எடைப் புகை குழாயில் வேகமாகப் போக வேண்டியிருக்கிறது, தடையும் கூடுகிறது. ஊட்டி உயரத்தில் அது கால்பங்குக்கும் மேல் கூடும். எனவே டவுன்பைப்பின் பலன், மேல் ஆர்பிஎம்மில், சமவெளியைவிட மலையில்தான் அதிகம். கோத்தகிரி ரோட்டில் மூன்றாம் கியரில் 4,500 வரை இழுக்க எத்தனை இடம் இருக்கிறது என்று கேட்டால், அரவேணு தாண்டி எங்கேயோ ஒரு துண்டு. அங்கேயும் எதிரே பஸ் வரும்.

ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதி பூஸ்ட்டைக் கூட்டும் ஸ்டேஜ் டூ மேப் போடும் பேச்சும் வந்தது. மறுத்துவிட்டேன். கோவையில் டைனோவில் (வண்டியின் பலத்தை அளக்கும் உருளை மேடை) வைத்து எழுதும் மேப் அந்த ஊர்க் காற்றுக்கு எழுதப்படுகிறது. அதே மேப் ஊட்டியில் 2 பார் முழு அழுத்தம் கேட்டால், டர்போ 2.6 மடங்கு அழுத்த வேண்டும். கம்பெனி ஈசியூவில் உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு இருக்கும். மேப் எழுதுபவர் அதை விட்டுவைத்தாரா, தூக்கிவிட்டாரா என்பது ஃபைலைத் திறந்து பார்க்காமல் தெரியாது. தூக்கியிருந்தால் டர்போ தன் வேக வரம்பைத் தாண்டிச் சுழலும், அது தாங்கும்வரை தாங்கும். தவிர, இந்த வண்டியின் கிளட்ச் ஏற்கெனவே மலை ரோட்டில் பாதி ஆயுளைக் கரைத்துவிட்டது.

இப்போது வண்டி உலோகக் கேட் குழாயோடு ஓடுகிறது. புகைச் சான்று கிடைத்துவிட்டது, பி0420 திரும்ப வரவில்லை. ஆனாலும் அது கம்பெனி கொடுத்த குழாய் இல்லை. விபத்து க்ளெய்ம் என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் என்ன கேட்பார்கள் என்பதைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. கம்பெனிக் குழாயைத் துணி சுற்றிப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று அங்குலக் குழாயை விற்றுத் தரச் சொன்னார், முடியாது என்றேன். சில வாரம் சூடேறி ஆறிய பிறகு வளையக் கிளாம்பை ஒருமுறை திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் இன்டர்கூலர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் இன்னொரு பிரஷர் டெஸ்ட் எடுக்க வேண்டும். இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ஹோஸ் இன்னும் பழையதுதான்.